சனிக்கிழமை சாயங்காலம், பாஞ்சோ சகிதம்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் கோடை வந்தால் தெருவும் புல்வெளியும் மேடையாகிவிடுகின்றன. டிக்கெட் இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் இந்தப் பாட்டெல்லாம் யாருடையது என்ற பழைய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே 650 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் ஆஷ்வில். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகளில் வெயில் தணியும் முன்பே, நகர மண்டபத்துக்கு எதிரிலுள்ள பேக் ஸ்கொயர் பூங்காவுக்கு ஜனங்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் குழந்தை. பலர் தோளில் ஏதாவது ஒரு வாத்தியப் பெட்டி. நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டால் ‘பொழுது சாயும் நேரத்துக்கு’ என்பதுதான் பதில். அறிவிப்பிலும் அப்படியேதான் போடுகிறார்கள். ஏழு மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சியின் பெயர் ‘ஷிண்டிக் ஆன் த கிரீன்’. புல்வெளியில் ஓர் ஆட்டபாட்டம் என்று எடுத்துக்கொண்டால் போதும். 1967-இல் தொடங்கியது. பார்க்க வருகிறவர் காசு கொடுக்க வேண்டாம். பாட வருகிறவருக்கும் காசு கிடையாது. மாலையில் வந்து மேடைக்குப் பின்புறம் பெயரைப் பதிந்துகொண்டால் வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஒன்றிரண்டு உருப்படி வாசித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க வாசித்த பெரியவருக்கும் போன வருடம் வில்லைப் பிடிக்கக் கற்ற பள்ளிப் பிள்ளைக்கும் அதே ஒன்றிரண்டுதான். பிடில், பாஞ்சோ, கிதார், மாண்டலின், நின்றபடி வாசிக்கிற பெரிய பாஸ் ஆகியவைதான் முக்கிய வாத்தியங்கள். நடுநடுவே நடனக் குழுக்கள் ஏறி மரத்தளம் அதிர ஆடிவிட்டுப் போகும். திடீரென்று ஒரு பெண் தனியாக வந்து நின்று, எந்த வாத்தியமும் இல்லாமல், காதலனைக் கொன்றவளின் கதையைப் பதினைந்து கண்ணியில் பாடுவார். கூட்டம் அமைதியாகக் கேட்கும்.

ஆனால் மேடையைவிட அதைச் சுற்றி நடப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பூங்காவின் ஓரங்களில், மரத்தடிகளில், ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு வட்டம் உருவாகிவிடும். ஒரு வட்டத்தில் பழைய பாணி: எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக, மறுபடி மறுபடி, பத்து நிமிடம் வாசிப்பார்கள். தாளில் எழுதிய ஸ்வரம் எதுவும் இருக்காது. தெரியாதவர் நாலைந்து சுற்று கேட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வார். முடிக்க வேண்டும் என்றால் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்குவார். அந்தச் சுற்றோடு நின்றுவிடும். பக்கத்து மரத்தடியில் ப்ளூகிராஸ் வட்டம். அது 1940-களில் பில் மன்றோவும், இதே மாநிலத்தில் பிறந்த பாஞ்சோக்காரர் எர்ல் ஸ்க்ரக்ஸும் வடிவம் கொடுத்த வேகப் பாணி. அங்கே ஆளுக்கொரு முறை தனியாகச் சுழன்று காட்டுவார்கள், மற்றவர்கள் பின்னணி. இரண்டு மரங்களுக்கும் இடையே பத்தடிதான் இருக்கும். இசையின் இரண்டு வயதுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

பிடில் என்கிறோமே, அது வயலினேதான். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய அந்தக் கருவி சென்னையில் பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் கர்நாடக இசைக்குள் நுழைந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் இந்த மலைகளுக்குள் ஏறியது. நாம் அதைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்தோம். மலைக்காரர்களில் பலர் மோவாயில் கொடுக்காமல் மார்பில் சாய்த்து வாசித்தார்கள். மோவாய்க்குக் கீழே பிடிப்பதுதான் சரி என்ற ஐரோப்பியப் பாடம் இரண்டு இடத்திலும் எடுபடவில்லை.

வெள்ளைச் சட்டை வக்கீல்

ஷிண்டிக் நடக்கும் மேடைக்கு பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1882-இல் மார்ஸ் ஹில் என்ற ஊரில் பிறந்தவர். தொழில் வக்கீல். அதற்கு முன்னும் பின்னும் பல வேலை பார்த்தார். அதில் ஒன்று பழமரக்கன்று விற்பது. மலைக்கு மலை, பண்ணைக்குப் பண்ணை போய்க் கன்று விற்கிறவர் ராத்தங்குகிற வீட்டிலெல்லாம் பாட்டு கேட்பார், மனப்பாடம் செய்வார். அப்படிச் சேர்த்ததில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை 1949-இல் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தன் குரலிலேயே பதிவு செய்தார். கள்ளச்சாராயத்துக்கு அந்த மலைகளில் ‘மவுண்டன் டியூ’ என்பது செல்லப்பெயர். அதைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதி, உரிமையை 25 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். பின்னால் டென்னசியில் பிறந்த குளிர்பானமும் அதே செல்லப்பெயரை எடுத்துக்கொண்டது. அதில் வக்கீலுக்கு ஒரு காசு கிடையாது.

1928-இல் ஆஷ்வில் வணிகர் சங்கம் சுற்றுலாக்காரர்களை இழுக்க ‘ரோடோடென்ட்ரான் விழா’ நடத்தியது. மலைப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஒரு பகுதி வையுங்கள் என்று லன்ஸ்ஃபோர்டிடம் ஒப்படைத்தார்கள். பூ விழா என்றோ வாடிவிட்டது. லன்ஸ்ஃபோர்டின் பகுதி ‘மவுண்டன் டான்ஸ் அண்ட் ஃபோக் ஃபெஸ்டிவல்’ என்று தனியே வளர்ந்து இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் விடாமல் நடந்துவரும் நாட்டார் விழாக்களில் இதுவே மூத்தது என்கிறார்கள். 1936-இல் இங்கே வந்த ஒரு பதினேழு வயதுப் பையன் ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டு மயங்கினான். அவன் பெயர் பீட் சீகர். அமெரிக்காவின் தொழிற்சங்க மேடைகளிலும் போர் எதிர்ப்பு ஊர்வலங்களிலும் பின்னால் ஒலித்த பாஞ்சோவுக்கு விதை இந்த ஊரில் விழுந்தது.

லன்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேடையேறினால் கஞ்சி போட்ட சட்டை, கோட்டு. கிழிந்த வைக்கோல் தொப்பியும் வெறுங்காலுமாக ‘மலைவாசி’ வேடம் கட்டிச் சிரிப்புக் காட்டுவதை அவர் அனுமதிக்கவில்லை. ரேடியோவும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் அந்த வேடத்தைத்தான் காசாக்கிக்கொண்டிருந்த காலம் அது. மலைக்காரனைக் கோமாளியாக்காதே என்பது அவர் கட்சி. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மேடையில் யார் நிற்கலாம், எது மலைப் பாட்டு, எது இல்லை என்று தீர்மானிக்கிற அதிகாரமும் அவர் ஒருவர் கையில் இருந்தது. சிக்கல் அங்கேதான்.

சீமாட்டியும் சீமையும்

அதே அதிகாரத்தை அவருக்கு முன்பே ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து வந்த நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப்.

1916 ஜூலையில் ஃப்ரெஞ்ச் பிராட் நதி பெருக்கெடுத்து ஆஷ்வில்லையும் சுற்றுவட்டாரத்தையும் நாசம் செய்தது. வெள்ளம் வடிந்த அந்தக் கோடையில்தான் ஷார்ப் மலையேறினார். கூடவே உதவியாளர் மாட் கார்ப்பெலஸ். பாட்டின் சொற்களை கார்ப்பெலஸ் சுருக்கெழுத்தில் எழுதுவார். மெட்டை ஷார்ப் ஸ்வரப்படுத்துவார். 1918 வரை வந்து வந்து போய் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் மெட்டுகளைச் சேர்த்தார்கள். இந்த வேலைக்கு வழிகாட்டியவர் ஆலிவ் டேம் கேம்பல் என்ற ஆசிரியை. அவரே முன்னதாகப் பாட்டுகளைச் சேகரித்து ஷார்பிடம் காட்டியிருந்தார். 1917-இல் வந்த புத்தகத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. பேச்சில் மட்டும் ஷார்ப் பெயர்தான் மிஞ்சியது.

ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் விடுதி நடத்திவந்த ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி, ஷார்புக்கு அறுபதுக்கும் மேல் பாட்டுகளைப் பாடிக்கொடுத்தார். அமெரிக்காவில் வேறு எவரும் அவருக்கு இத்தனை தரவில்லை. வீட்டு வேலை பார்த்துக்கொண்டே பாடுகிற பெண்மணி. இங்கிலாந்தில் கிழவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருந்த கதைப்பாடல்களை இங்கே இளசுகளும் பாடுகிறார்களே என்று ஷார்ப் திகைத்துப்போனார். பேசுவது எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு சாதாரணமாகப் பாடுகிறார்கள் என்று எழுதினார்.

அவர் தேடி வந்தது இங்கிலாந்தை. தேடியது கிடைத்தது. மற்றதைக் காதில் வாங்கவில்லை. பாஞ்சோ இசையை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை, பக்திப் பாட்டுகளை ஒதுக்கினார், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை ஏறக்குறைய முழுதாகத் தாண்டிப் போனார். ஒரு காரியத்தின் மேன்மையும் ஓட்டையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருக்க முடியும் என்பதற்கு ஷார்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து மேடிசன் மாவட்டத்தில் சாடம் லாரல் என்ற பள்ளத்தாக்கு. அங்கே இந்தக் கதைப்பாடல்களை ‘லவ் சாங்’ என்றுதான் சொல்வார்கள். கேட்டால் பாதிப் பாட்டில் கொலை, மீதியில் துரோகம். கற்றுக்கொடுக்கும் முறையும் தனி. பெரியவரும் சிறியவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். பெரியவர் ஒரு வரி, சிறியவர் அதே வரி. எழுத்து கிடையாது. டெல்லி சாண்ட்லர் நார்ட்டன் என்ற மூதாட்டியிடம் அப்படிக் கற்றவர் ஷீலா கே ஆடம்ஸ். 2013-இல் நாட்டார் கலைஞருக்கான தேசிய உயர்விருதைப் பெற்றார். மலைப் பாட்டைச் சேகரிக்க வரும் ஒரு பெண்ணைப் பற்றி 2000-த்தில் ‘சாங்கேட்சர்’ என்ற படம் வந்தபோது நடிகர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஷார்ப் எழுதிக்கொண்டு போன அதே பள்ளத்தாக்கில், எழுத்தைச் சட்டை செய்யாமல் நூறு வருடத்துக்கு மேல் பாட்டு தொடர்ந்து வந்திருக்கிறது. அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்றியாக வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் பதறும்போதெல்லாம் நான் இந்த முழங்கால்களை நினைத்துக்கொள்வேன்.

சுரங்கத்துக்குள் பிறந்த பாட்டு

ஆஷ்வில் வட்டாரத்தில் ‘ஸ்வன்னனோவா டன்னல்’ என்றொரு பாட்டு பிரசித்தம். லன்ஸ்ஃபோர்ட் பாடிப் பதிந்திருக்கிறார். ஷார்பும் 1916-இல் வெள்ளைப் பெண்கள் வாயிலாகக் கேட்டு, வேறொரு தலைப்பில் எழுதிக்கொண்டு போனார். நெடுநாள் அது வெள்ளையரின் மலைப் பாட்டாகவே உலவியது.

வரலாறு வேறு. ஆஷ்வில்லுக்கு ரயில் 1880-இல்தான் வந்தது. கிழக்கே ஓல்ட் ஃபோர்ட்டிலிருந்து செங்குத்தான மலையைக் குடைந்து பாதை போட வேண்டியிருந்தது. அதில் பெரியது ஸ்வன்னனோவா சுரங்கம், ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். 1879-இல் திறந்தது. குடைந்தவர்கள் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சின்னத் திருட்டுக்கும் ஊர் சுற்றியதற்கும் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டு, அவர்களை ரயில் வேலைக்கு அனுப்புவது தொடங்கியது. பாறை சரிந்தும் நோயிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெயரில்லாமல் தண்டவாளத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். சம்மட்டி இறங்குகிற தாளத்துக்கு அவர்கள் பாடியது அந்தப் பாட்டு.

பாட்டு மலைக்கு வெளியே வந்தது, பாடியவர்கள் வரவில்லை. ஓல்ட் ஃபோர்ட்டில் அவர்களுக்கு நினைவுக்கல் வைக்க 2021 வரை ஆயிற்று. இந்த ரயிலில் ஏறித்தான் ஆஷ்வில்லுக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், ஹோட்டல்கள் வந்தன, கடைசியில் 1928-இன் விழாவும் வந்தது என்பதை நினைத்தால் புல்வெளியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

பாஞ்சோவின் கதையும் இதே கதைதான். மலை இசைக்கே அடையாளமாகிவிட்ட அந்தக் கருவி மேற்கு ஆப்பிரிக்காவின் வழி வந்தது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கழி செருகி, தந்தி கட்டிய கருவிகள் அங்கே இன்றும் வாசிப்பில் உண்டு. செனகல், காம்பியா பக்கத்து ‘அகோண்டிங்’ அவற்றில் ஒன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் புது மண்ணில் அதை மறுபடி செய்தார்கள். பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கட்டைவிரல் அதை அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்கும். தம்புரா மாதிரி அது மெட்டின் அடியில் ஒரே ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். பிறகு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்து ஆடிய நாடகங்கள் வழியாக பாஞ்சோ நாடெங்கும் பரவியது. 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரே தெருவில் ஒன்றாக வாசித்தவர்களின் இசையை இரண்டு பட்டியலாகப் பிரித்தன: கறுப்பருக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’. கடைக்காரனின் வசதிக்குப் போட்ட கோடு இசை வரலாறாகவே ஆகிவிட்டது. கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகள் இல்லாமல் அமெரிக்க கன்ட்ரி இசை இல்லை. அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டு தேடி மலையெங்கும் அலைந்தபோது கூடவே போனவர் பர்ன்ஸ்வில்லில் பிறந்த லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை ரிடிலுடையது. இசைத்தட்டில் ரிடில் பெயர் கிடையாது.

2005-இல் பூன் என்ற மலையூரின் பல்கலைக்கழகத்தில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடல் நடந்தது. அங்கே சந்தித்த மூன்று இளைஞர்கள் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். எண்பத்தைந்தைத் தாண்டியிருந்த ஜோ தாம்ஸன் என்ற பிடில்காரரின் வீட்டுக்குப் போய்ப் போய்க் கற்றார்கள். 2011-இல் கிராமி வாங்கினார்கள். மூவரில் ஒருவரான ரியானன் கிடென்ஸின் பாஞ்சோவைத்தான் 2024-இல் பியான்சேயின் ‘டெக்ஸஸ் ஹோல்ட் எம்’ பாட்டின் தொடக்கத்தில் உலகமே கேட்டது.

இந்த மண்ணின் முதல் சொந்தக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். செரோக்கி மக்களில் பெரும்பகுதியை 1838-இல் ராணுவத்தைக் கொண்டு மேற்கே விரட்டினார்கள். மலைக்குள் ஒளிந்தும் போராடியும் மிஞ்சியவர்களின் வாரிசுகள் ஆஷ்வில்லுக்கு மேற்கே செரோக்கி நகரைச் சுற்றி வாழ்கிறார்கள். அவர்களின் சடங்குப் பாடல்களைத் தன் மாமா வழியாகக் கற்றுக் காப்பாற்றியவர் வாக்கர் கால்ஹூன். அவரே பாஞ்சோவும் வாசிப்பார். ஆப்பிரிக்கக் கருவி, செரோக்கி விரல், ஸ்காட்லாந்து மெட்டு. ‘தூய’ மலை இசையைத் தேடுகிறவர்கள் அவர் வாசித்ததை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

தெருவை மறித்து ஓர் ஆட்டம்

ஆஷ்வில்லை விட்டு மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வேன்ஸ்வில். கோடையில் சில மாலைகளில் நீதிமன்றத்துக்கு முன்னால் பிரதான வீதியை அடைத்துவிடுவார்கள். கார் ஓடிய தார்ச்சாலையில் ஆட்டம். எட்டுத் திக்கிலிருந்தும் வந்த அந்நியர்கள் கைகோத்து வட்டம் போட, ஒருவர் மைக்கில் அடுத்த அசைவைக் கூவிச் சொல்லிக்கொண்டே இருப்பார். தெரியாது என்று ஒதுங்கி நிற்க விடமாட்டார்கள். தெற்கே ஹெண்டர்ஸன்வில்லில் இப்படித் தெருவில் ஆடுவது முதல் உலகப் போர் முடிந்த 1918-இல் தொடங்கியது என்பது ஊர்க்கணக்கு.

வேன்ஸ்வில்லில் நெடுங்காலமாக ஆட்டத்தைக் கூவி நடத்துகிறவர் ஜோ சாம் குவீன். மாநில சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். நம்மூரில் சட்டமன்ற உறுப்பினர் மைக் பிடித்தால் ஜனங்கள் நாற்காலியைத் தேடுவார்கள். அங்கே எழுந்து ஆடுகிறார்கள். இவருடைய தாத்தா சாம் குவீன்தான் ‘சோக்கோ கேப்’ நடனக் குழுவின் தலைவர். 1939 ஜூன் 8 அன்று, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜும் ராணியும் வாஷிங்டன் வந்தபோது, வெள்ளை மாளிகையில் அந்தக் குழு ஆடியது. லன்ஸ்ஃபோர்டும் பாடினார். அதே மாலை அதே கூடத்தில் பாடிய இன்னொருவர் மேரியன் ஆண்டர்ஸன். சில மாதம் முன்புதான், கறுப்பினப் பெண் என்பதால் வாஷிங்டனின் பெரிய அரங்கம் அவருக்குக் கதவடைத்திருந்தது. லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் திறந்தவெளியில் பாடினார், எழுபத்தையாயிரம் பேர் கேட்டார்கள்.

மலை நடனத்துக்குப் பெயர் கிளாகிங். இடுப்புக்கு மேல் அவ்வளவு அசைவு இருக்காது. குதிகாலும் முன்பாதமும் தரையில் தாளம் போடும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து காலடிகளோடு ஆப்பிரிக்க, செரோக்கி காலடிகளும் அதில் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2005-இல் வட கரோலினா அதை மாநில நாட்டார் நடனமாக அறிவித்தது. குழுவாக, சீருடையில், காலணியில் இரும்புத்தகடு அடித்து ஆடுவது போட்டி மேடைகளால் வளர்ந்த வழக்கம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தெரு ஓரத்தில் ஒரு முதியவர் பழைய செருப்போடு தனக்குத்தானே போடுகிற ‘ஃப்ளாட்ஃபுட்’ காலடியில் இருக்கிற நகைச்சுவை அந்தச் சீருடைகளில் இல்லை.

அவரை உரிக்க ஒரு கதை

மலையில் பாட்டு பெருத்த அளவுக்குக் கதையும் பெருத்தது. ‘ஜாக்’ கதைகள் என்பார்கள். வில், டாம், ஜாக் என்று மூன்று அண்ணன் தம்பிகள். கடைக்குட்டி ஜாக் சோம்பேறி, ஆனால் கெட்டிக்காரன். அரக்கனையும் ராஜாவையும் ஏய்த்துவிட்டு வீடு திரும்புவான். அவரைக்காய் நார் உரிக்க, மூலிகை பொறுக்கக் குழந்தைகளை மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டுமே, அதற்காகச் சொன்ன கதைகள் இவை. வேலை முடியும் வரை கதை முடியாது.

நமக்குப் பாட்டுக்காரராக அறிமுகமான ஜேன் ஜென்ட்ரி இந்தக் கதைகளையும் சொல்வார். அவருடைய தாத்தா கவுன்சில் ஹார்மனிடமிருந்து கிளை பிரிந்த குடும்பங்களில்தான் ஜாக் கதைகள் செழித்தன. பீச் மலையில் வாழ்ந்த ரே ஹிக்ஸ் அந்த வழியில் வந்தவர். நெடிய உருவம். 1973-இல் டென்னசியின் ஜோன்ஸ்பரோ என்ற பழைய ஊரில், நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டியையே மேடையாக்கித் தேசியக் கதைசொல்லல் விழா தொடங்கியபோது முதல் ஆண்டிலிருந்தே வந்து சொன்னவர். அந்த விழா இன்று ஒவ்வொரு அக்டோபரிலும் பெரிய கூடாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூட நடக்கிறது. ரே ஹிக்ஸ் 2003-இல் இறக்கும் வரை தன் மலையிலேயே வாழ்ந்தார். 1943-இல் ரிச்சர்ட் சேஸ் இந்தக் கதைகளைப் புத்தகமாக்கியபோது பலர் சொன்னதைக் கலந்து, தேய்த்து மெருகேற்றித் தன் பெயரில் வெளியிட்டார். மறுபடி அதே வழக்குதான்.

நதி ஏறிய பிறகு

2024 செப்டம்பர் 27. ஹெலீன் புயல் கொட்டிய மழையில் ஃப்ரெஞ்ச் பிராட் நதி 1916-இன் அளவையும் தாண்டி ஏறியது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில்லில் ஆற்றங்கரைக் கலைக்கூடங்கள் மூழ்கின. மார்ஷல், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர்களின் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. ஆஷ்வில் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாள் ஆயிற்று. அக்டோபர் 26 அன்று சார்லட் நகர விளையாட்டரங்கில் பெரும் நட்சத்திரங்கள் நடத்திய நிவாரணக் கச்சேரி 2.4 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பெரிய தொகை, பெரிய மனசு. ஆனால் மலையூர்களில் வாராவாரம் நடக்கும் கூடல்களுக்கு யாரும் கோடி தரமாட்டார்கள். அவற்றுக்கு வேண்டியது ஓர் இடம், ஒரு கிழமை, நாலு விளக்கு, வரி கட்டுகிறவன் பணத்தில் ஒரு கழிப்பறை.

விழா ஆளைத் தேர்ந்தெடுக்கும். சேகரிப்பாளர் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். கம்பெனி வாங்குகிறவனைத் தேர்ந்தெடுக்கும். மரத்தடி வட்டம் மட்டும்தான் வந்தவரை உட்கார் என்கிறது. அதற்காக ஷிண்டிக்கைச் சொர்க்கமென்று நான் சொல்லமாட்டேன். இன்றும் அந்தப் புல்வெளியில் வெள்ளை முகங்களே அதிகம். கட்டணமில்லை என்று சொல்வதாலேயே, நூறு வருடமாக மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாளையே நாற்காலியோடு வந்துவிடமாட்டார்கள். அழைக்க வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது. ஆனாலும் இந்த மலைகளின் இசைக்கு அருங்காட்சியகத்தையும் டிக்கெட் அரங்கையும்விட அந்தப் புல்வெளிதான் நேர்மையான வீடு என்பது என் கட்சி.

கோடையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற தமிழ்ப் பெற்றோர் ஏராளம். மகனோ மகளோ சார்லட்டில் இருந்தால் ஆஷ்வில் இருநூறு கிலோமீட்டர்தான், அட்லாண்டாவிலிருந்து முந்நூற்றுச் சொச்சம், ராலேயிலிருந்து நானூறு. நயாகராவையும் டைம்ஸ் சதுக்கத்தையும் எல்லோரும் பார்த்தாயிற்று. ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். மடக்கு நாற்காலி, ஒரு சால்வை, கட்டுச்சோறு. வயலின் கற்கும் பேரப்பிள்ளை இருந்தால் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள்; மரத்தடியில் நாலு சுற்று கேட்டுவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம். தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று ஷிண்டிக் கிடையாது. லன்ஸ்ஃபோர்டின் பழைய விழா அரங்கத்துக்குள், டிக்கெட் போட்டு நடக்கும்.